மூட்டு எங்கே இருக்கிறது? புதுச்சேரியில் ஆறு நாள், பூரண தத்துவம் தேடி

நாள் 1: மரீன் வீதி

அரவிந்தரின் பூரண தத்துவம் என்றால் கிழக்கும் மேற்கும் கலந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் தவறில்லை, ஆனால் அதிலிருந்து எதுவும் விளங்குவதில்லை. எது எதோடு சேர்ந்தது? எந்த இடத்தில் சேர்ந்தது? சேர்ந்த பிறகு இரண்டும் எப்படி மாறின? தச்சு வேலையில் இரண்டு மரத்தைச் சேர்த்த மூட்டைப் பார்த்தால்தான் வேலையின் தரம் தெரியும். இந்த ஆறு நாளும் அந்த மூட்டைத் தேடித்தான்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். முதல் நாள் வேறு எங்கும் போகாமல் அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போவது நல்லது. பார்வையாளர் நேரம் காலை 8 முதல் 12, பிற்பகல் 2 முதல் 6. செருப்பை எதிரே விட்டுவிட வேண்டும், கைபேசியை அணைத்துவிட வேண்டும், உள்ளே பேச்சில்லை. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதியில்லை. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களில் அரவிந்தர் வாழ்ந்த அறையைப் பார்க்க நீண்ட வரிசை நிற்கும். அமைதியாக உட்கார வேண்டும் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

முற்றத்தில் மஞ்சள் பூ பூக்கும் பெரிய இயல்வாகை மரம். அதற்கு அன்னை (அரவிந்தரோடு சேர்ந்து ஆசிரமத்தை நடத்திய மீரா அல்ஃபாஸா) சூட்டிய பெயர் ‘சேவை’. அதன் நிழலில் வெள்ளைச் சலவைக்கல் சமாதி. கீழ் அறையில் 1950 டிசம்பர் 9 அன்று அரவிந்தரின் உடலையும், மேல் அறையில் 1973 நவம்பர் 20 அன்று அன்னையின் உடலையும் வைத்தார்கள். மேலே ஒவ்வொரு நாளும் புதுப் பூக்களால் கோலம் போல அடுக்கிவைக்கிறார்கள்.

இங்கே கடைசிவரை கவனிக்கவேண்டியது அரவிந்தரின் சின்னம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு முக்கோணம், நடுவில் சதுரம், அதற்குள் தாமரையும் நீரும். கீழ்நோக்கிய முக்கோணம் சத்து (இருப்பு), சித்து (உணர்வு), ஆனந்தம். மேல்நோக்கிய முக்கோணம் பருப்பொருளிலிருந்து உயிராக, ஒளியாக, அன்பாக எழும் நாட்டம். இரண்டும் சேரும் சதுரம் நிறைவான வெளிப்பாடு. நீர் பன்மையான படைப்பு, தாமரை அதன் நடுவே பரம்பொருளின் அவதாரம். இறங்குவது கிழக்கு, ஏறுவது மேற்கு என்று பலர் விளக்கம் சொல்லக் கேட்கலாம். அது பொருந்தாது. இரண்டும் ஒரே பரம்பொருளின் அசைவுகள். ஏறுவது ஏற முடிவதே முன்னால் ஏதோ இறங்கியிருப்பதால்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நாளை வேண்டியிருக்கும்.

நாள் 2: 64 பக்கம்

இன்று நடை குறைவு, படிப்பு அதிகம்.

அரவிந்தரைப் பற்றி முதலில் நேர் செய்யவேண்டிய ஒரு தலைகீழ் உண்டு. இந்திய மரபில் ஊறிப்போய்ப் பிறகு மேல்நாட்டுச் சிந்தனையைத் தொட்டவர் என்று எண்ணுகிறோம். நடந்தது நேர் எதிர். 1872 ஆகஸ்ட் 15 அன்று கொல்கத்தாவில் பிறந்தவரை ஏழு வயதில் தகப்பனார் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். இந்தியச் சாயலே படக்கூடாது என்பது அவர் கட்டளை. மான்செஸ்டர், லண்டனில் செயின்ட் பால் பள்ளி, கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி. கிரேக்கமும் லத்தீனும் அவருக்குப் பள்ளிப்பாடம். சமஸ்கிருதத்தையும் வங்காளியையும் ஆழமாகக் கற்றது 1893-ல் திரும்பி வந்து பரோடாவில் வேலை பார்த்தபோது. பழகிய வீடு மேற்கு, தேடிச் சேர்ந்த வீடு கிழக்கு. அதனால்தான் அவர் எழுத்தில் மேற்கத்திய வாதம் அயலானின் குரலாக ஒலிப்பதே இல்லை.

1914 ஆகஸ்ட் 15 அன்று, உலகப்போர் தொடங்கிய அதே மாதத்தில், ‘ஆர்யா’ மாத இதழ் இங்கே வெளிவரத் தொடங்கியது. இதழ் யோசனையைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரரான பால் ரிஷார். அவரும் மீரா அல்ஃபாஸாவும் (பின்னாளில் அன்னை) 1915 தொடக்கத்தில் போர் காரணமாகத் திரும்பிப் போனதும், மாதம் 64 பக்கம் தத்துவம் எழுதும் வேலை ஏறக்குறைய ஒருவர் தலையில் விழுந்தது. 1921 ஜனவரி வரை அது நடந்தது. லைஃப் டிவைன் (அவருடைய முதன்மையான தத்துவ நூல்), யோக சமன்வயம், கீதைக் கட்டுரைகள், வேத ரகசியம் எல்லாம் தொடர்களாகத்தான் வந்தன, பல தொடர்கள் ஒரே சமயத்தில். நூல்களில் ஒரே கருத்து வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

லைஃப் டிவைனைத் திருத்தி நூலாக வெளியிட்டது 1939-40-ல். முதல் நூல், இரண்டாம் நூல் என்ற இரண்டு பகுதிகளில் மொத்தம் 56 அத்தியாயம். முதல் பக்கத்திலிருந்து நேராகப் படிக்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் பத்தாவது அத்தியாயத்துக்குள் நின்றுவிடுகிறார்கள். வேறு வழி ஒன்று உண்டு. முதல் நூலில் 1 முதல் 4 வரை படியுங்கள். பிறகு 13, 14. பிறகு 24 முதல் 27 வரை. அப்புறம் மீதியை நிரப்பிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

படிக்கும்போது எல்லாரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு, அந்தக் கட்சிக்காரரே சொல்வதைவிட நன்றாக, பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் தம் பதிலுக்கு வருவார். நம் பழைய நூல்களில் பரபக்கம், சுபக்கம் என்று பிரிப்பார்களே, அதே முறை. ஆனால் இங்கே தலைப்புப் போட்டுப் பிரித்திருக்காது. அவசரமாகப் படிப்பவர் பரபக்கத்தை எடுத்து ‘அரவிந்தர் இப்படிச் சொல்கிறார்’ என்று மேற்கோள் காட்டிவிடுகிறார். ஒரு பத்தியைப் பிடித்தால் குறைந்தது அடுத்த நான்கு பத்தியையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது மூட்டுக்கு வருவோம். இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்களில் இரண்டு மறுப்புகளை எதிரெதிரே நிறுத்துகிறார். பருப்பொருள் மட்டுமே உண்மை, உணர்வு அதன் விளைவு என்பது ஒன்று. பிரம்மம் மட்டுமே உண்மை, உலகம் தோற்றம் என்பது மற்றொன்று. இரண்டையும் அவர் தூக்கி எறிவதில்லை. பொருள்முதல்வாதம் அறிவை மூடநம்பிக்கையிலிருந்து கழுவி எடுத்தது. துறவியின் மறுப்பு ஆன்மா வெறும் சொல்லில்லை என்று வாழ்ந்து காட்டியது. ஆனால் ஒவ்வொன்றும் மற்றதன் பாதியை விட்டுவிட்டது.

பரிணாமத்தை ஏற்றுக்கொண்டால் ஒரு கேள்வி வரும். பருப்பொருளிலிருந்து உயிர் எப்படி வந்தது, உயிரிலிருந்து மனம் எப்படி வந்தது? உள்ளே இல்லாதது வெளியே வராது. ஆகவே பரிணாமத்துக்கு முன்பு ஓர் உள்ளொடுக்கம் இருந்திருக்க வேண்டும்: சச்சிதானந்தமே படிப்படியாக ஒடுங்கிப் பருப்பொருளாகி உறங்குகிறது. இதற்கு வேதாந்தத்திலேயே இடம் உண்டு. தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தவம் செய்து முதலில் கண்டது ‘அன்னமே பிரம்மம்’ என்பதைத்தான். மேற்கின் பரிணாமத்துக்கு வேதாந்தம் அடித்தளம் கொடுக்கிறது. வேதாந்தத்துக்குப் பரிணாமம் காலத்தையும் திசையையும் கொடுக்கிறது. மனிதன் முடிவல்ல, மனத்துக்கு மேல் இன்னொரு படி இந்த மண்ணிலேயே வரவேண்டியிருக்கிறது என்ற முடிவு இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் மட்டுமே பிறக்கும். தனியாக எந்தப் பக்கத்திலிருந்தும் அது கிடைக்காது.

சேர்ந்த பிறகு இரண்டுமே மாறிவிட்டதையும் பார்க்க வேண்டும். பரிணாமம் உடல்களின் கதையாக மட்டும் இல்லாமல் உணர்வு விழித்தெழும் கதையாகிறது. மாயை பொய்த்தோற்றமாக இல்லாமல், அளவில்லாததை அளந்து உருவம் கொடுக்கும் சக்தியாகிறது. முக்தி பெற்றவன் விலகிப்போவதோடு காரியம் முடிவதில்லை.

27-ஆம் அத்தியாயத்தில் இதன் கணக்கு சுருக்கமாக இருக்கிறது. மேலே நான்கு, கீழே நான்கு. சத்து கீழே பருப்பொருளாகிறது. சித்-சக்தி உயிராகிறது. ஆனந்தம் உள்ளுறை ஆன்மாவாகிறது. மனத்துக்கு மேற்பட்ட உணர்வான அதிமானசம் (சூப்பர்மைண்ட்) மனமாகிறது. கீழே உள்ள ஒவ்வொன்றும் மேலே உள்ள ஒன்றின் விலகிய நிழல். தமிழில் அதிமானசத்தைச் ‘சத்திய ஜீவியம்’ என்றும் மொழிபெயர்த்திருக்கிறார்கள், புத்தகம் மாறினால் சொல் மாறும், குழம்ப வேண்டாம்.

குழம்பக்கூடாத இன்னொன்று மேல்மனமும் (ஓவர்மைண்ட்) அதிமானசமும். மேல்மனம் தேவர்களின் தளம். ஒவ்வொரு உண்மையையும் முழுமையாகக் காணும், ஆனால் தனித்தனியாகவே காணும். அதிமானசத்தில் பிரிவினை கிடையாது. ஆர்யா இதழில் மேல்மனம் என்ற சொல்லே இல்லை. முதல் நூலின் கடைசி அத்தியாயமான 28 நூலாக்கத்தின்போது புதிதாக எழுதிச் சேர்த்தது. பழைய அத்தியாயங்களையும் இதையும் ஒரே காலத்தவை என்று எண்ணிப் படித்தால் முரண்பாடு போலத் தோன்றும்.

நாள் 3: ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு

பாரதியார் வாழ்ந்த வீடு இப்போது நினைவகம். அரவிந்தர் ‘டூப்ளே’ கப்பலில் 1910 ஏப்ரல் 4 அன்று இங்கே வந்து இறங்கும்போது பாரதி வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. பிரிட்டிஷ் காவல்துறைக்கு எட்டாத பிரெஞ்சு மண்ணில் வ.வே.சு. ஐயரும் சேர்ந்துகொண்டார். ரிக் வேதத்தைச் சேர்ந்து படித்தார்கள். அதன் தடத்தைக் காற்றையும் சூரியனையும் விளித்துப் பாரதி எழுதிய வசன கவிதைகளில் நேராகவே காணலாம்.

எதிர்த்திசையிலும் ஓட்டம் இருந்தது. அரவிந்தர் தமிழ் கற்றார். ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலமாக்கி 1915-ல் ஆர்யாவில் வெளியிட்டார். வேத ரகசியத்தில், தமிழ்ச் சொற்களை ஆராய்ந்தபோது சமஸ்கிருதத்துக்கும் தமிழுக்கும் இடையிலான பழைய உறவு வழக்கமாக நினைப்பதைவிட நெருக்கமானது என்று கண்டதாக எழுதுகிறார். ஆரியர், திராவிடர் என்ற இனப்பிரிவினைக் கோட்பாட்டை அவர் சந்தேகிக்கத் தொடங்கியது தென்னாட்டுக்கு வந்து மனிதர்களை நேரில் பார்த்த பிறகுதான். கிழக்கு என்பது அவருக்குக் காசியும் கொல்கத்தாவும் மட்டுமாக இருக்கவில்லை என்பதற்கு இது போதும்.

ரிக் வேதத்துக்கு சமஸ்கிருத உரை எழுதிய கபாலி சாஸ்திரியும், பாரத சக்தி மகாகாவியம் பாடிய சுத்தானந்த பாரதியும் இந்த வழியில் வந்த தமிழர்கள். இந்த வீட்டில் ஒரு மணி நேரம் போதும். மதிய வெயிலில் இந்தத் தெருக்களில் நடக்க வேண்டாம்.

மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. வடலூர் இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. வள்ளலார் சத்திய ஞான சபையைத் திறந்தது 1872 ஜனவரியில், அரவிந்தர் பிறந்த அதே ஆண்டில். உடம்பே மாறவேண்டும், சாவும் கடக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களுக்குப் புதிதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், ஒப்பிட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று மட்டும் முடிச்சுப் போடக்கூடாது. வள்ளலார் அருளின் மொழியில் பேசுகிறார். அரவிந்தர் அருளோடு பரிணாமத்தின் மொழியையும் சேர்த்துக்கொள்கிறார்.

நாள் 4: கோல்கொண்ட்

தத்துவ நூலில் கண்ட மூட்டைக் கல்லிலும் மரத்திலும் பார்க்க வேண்டுமானால் இங்கே வரவேண்டும். ஆசிரமத்து விருந்தினர் விடுதி. உள்ளே போக முன்அனுமதி வேண்டும், கிடைக்காவிட்டால் தெருவில் நின்று வெளிமுகத்தைப் பார்த்தாலே அரை நாள் பாடம் இருக்கிறது.

1937-ல் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்து அமெரிக்கரானவர், டோக்கியோவில் தொழில் நடத்தியவர். கூட வேலை செய்தவர்கள் செக் நாட்டு ஃபிரான்டிஷெக் சாமர், ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஜார்ஜ் நகாஷிமா. பணம் ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்து, திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாக வந்தது. ஹைதராபாத்தின் கோல்கொண்டாவைக் குறிக்கும் கோல்கொண்ட் என்ற பிரெஞ்சுப் பெயர் அதனால்தான்.

கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. கிழக்கு, மேற்கு வெயில் குறுகிய பக்கங்களில்தான் விழும். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரைவரை கிடைமட்டப் பலகைகள் அடுக்கடுக்காக. கல்நார் சிமென்டால் ஆனவை. பித்தளைப் பிடியைத் திருப்பினால் ஒரு வரிசை முழுவதும் சேர்ந்து சாயும். விரியத் திறந்தால் கடல்காற்று, பாதி சாய்த்தால் காற்று உண்டு, வெயிலும் பார்வையும் இல்லை, மூடினால் மழை உள்ளே வராது. கண்ணாடி ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. அறைக்கும் நடைவழிக்கும் நடுவே தேக்குச் சட்டங்கள் ஏற்ற இறக்கமாகப் பொருத்திய தள்ளுகதவு, மூடியிருந்தாலும் காற்று குறுக்கே போகும். கூரையில் கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த ஓட்டுப் பலகைகள், இரண்டுக்கும் நடுவே காற்றிடம், சூடு கீழே இறங்காது. தரை மெருகேற்றிய கடப்பாக் கல். பொருத்துகளுக்கான பித்தளையைப் பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள்.

கான்கிரீட் மேற்கு, கடப்பாக் கல் உள்ளூர், தள்ளுகதவு ஜப்பான் என்று சீட்டு ஒட்டிக்கொண்டே போகலாம். அப்படி ஒட்டினால் இந்தக் கட்டடம் கலவைச்சோறாகிவிடும். இங்கே சேர்த்துவைத்திருப்பது வேறொன்று: பருப்பொருளைச் சரியாகக் கையாள்வதே யோகம் என்ற முடிவு. சாதகர்களே கம்பி வளைத்தார்கள், கான்கிரீட் ஊற்றினார்கள். உப்புக்காற்றில் கம்பி துருவேறினால் பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும், அதனால் கலவையிலோ கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்திலோ அலட்சியம் என்பது பிற்காலத்தில் வெடிப்பாகத்தான் வெளிவரும். அன்னம் பிரம்மம் என்று ஏட்டில் ஒப்புக்கொள்வது சுலபம். சிமென்டில் ஒப்புக்கொள்ள நாள்தோறும் துடைத்துப் பார்த்துப் பழுது நீக்கவேண்டியிருக்கிறது.

நகாஷிமா இங்கேயே சீடராகி சுந்தரானந்தா என்ற பெயர் பெற்றார். பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் பெரும்புகழ் அடைந்தார். பலகையில் விரிசல் இருந்தால் அதை மறைக்கமாட்டார், குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு மரச்சாவி இறக்கி இரு பக்கத்தையும் பிடித்துவைப்பார். மூட்டு வெளியே தெரியும், தெரிவதே அழகு.

நாள் 5: செம்மண் மேடு

அன்னை தொடங்கிய பன்னாட்டு நகரான ஆரோவில், புதுச்சேரியிலிருந்து வடக்கே சுமார் பத்து கிலோமீட்டர். பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணையும் இந்திய மாநிலங்களின் மண்ணையும் ஒரு தாழியில் இட்டுத் தொடங்கினார்கள். சாசனத்தை அன்னை தம் அறையிலிருந்தே பிரெஞ்சில் படித்தார், வானொலி அதை ஒலிபரப்பியது. நான்கு அம்சம் கொண்ட அந்தச் சாசனத்தின் கடைசி அம்சம் பருப்பொருள், ஆன்மிகம் என்ற இரண்டு ஆராய்ச்சிக்கும் இது களம் என்கிறது. மீண்டும் அதே இரண்டு.

ஆரோவிலின் நடுவிலுள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்கப் பார்வையாளர் மையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார முன்பதிவு தேவை, விதிமுறைகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று வருகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

பொன்வட்டுகள் பதித்த கோளத்தை நான்கு தூண்கள் தாங்குகின்றன: மகேஸ்வரி, மகாகாளி, மகாலட்சுமி, மகாசரஸ்வதி. சுற்றிலும் 12 இதழ்கள். அன்னையின் சின்னத்திலும் அதே நான்கு, அதே பன்னிரண்டு. உள் அறை முழுக்க வெள்ளைச் சலவைக்கல். 12 தூண்கள், எதுவும் கூரையைத் தொடாது. நடுவில் 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள படிகக் கண்ணாடிக் கோளம், ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்தது. உச்சியில் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் கண்ணாடி, ஒரே ஒரு கதிரைச் செங்குத்தாகக் கீழே இறக்குகிறது. மேகம் மூடினால் மின்விளக்கு அதற்கு ஈடு செய்யும். விக்கிரகம் இல்லை, பூ இல்லை, ஊதுபத்தி இல்லை, சொல்லித்தரும் தியானமுறையும் இல்லை. சக்தியின் நான்கு பெயர்களும் ஒளியியல் கணக்கும் ஒரே வேலையைச் செய்கின்றன.

50,000 பேருக்கென்று திட்டமிட்ட நகரில் இன்று சில ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். சாலை, மரம், நிலம், நிர்வாகம் எல்லாவற்றிலும் கருத்து வேறுபாடு உண்டு. இதைத் தத்துவத்தின் தோல்வி என்று சொல்வோர் தத்துவத்தைப் படிக்கவில்லை. கூட்டாக வாழும்போது உயிரிச்சையின் ஆசையும் கோபமும் இன்னும் பலமாக எழும் என்பதை அரவிந்தரே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். தனித்தவம் செய்பவனுக்கு அந்தச் சோதனை வராமல் போகலாம், பூரண யோகிக்குத் தப்ப வழியில்லை.

நாள் 6: திரும்பும் வழி

இந்தச் சிந்தனை கடல் கடந்த கதையும் உண்டு. அரவிந்தர் வழியில் வந்த தத்துவப் பேராசிரியர் ஹரிதாஸ் சௌதுரி 1951-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். 1968-ல் அவர் தொடங்கிய கல்வி நிறுவனம் இன்று கலிஃபோர்னியா இன்டக்ரல் ஸ்டடீஸ் கழகம். 1950களில் ஆசிரமத்தில் தங்கிச் சென்ற மைக்கேல் மர்ஃபி 1962-ல் டிக் பிரைஸோடு சேர்ந்து எசலன் மையத்தைத் தொடங்கினார். பிறகு அமெரிக்க எழுத்தாளர் கென் வில்பர். இணையத்தில் ‘இன்டக்ரல்’ (பூரணம்) என்று தேடினால் முதலில் வருவது இவருடைய நான்கு கட்டம்: தனி மனிதனின் அகம், தனி மனிதனின் புறம், கூட்டத்தின் அகம், கூட்டத்தின் புறம். எந்தத் துறை எந்தக் கட்டத்தைப் பேசுகிறது என்று பிரித்தறிய இது மிகவும் உதவும். பகுத்தறிவுக்கு முந்தைய குழந்தைநிலையையும் பகுத்தறிவைக் கடந்த நிலையையும் ஒன்றாக எண்ணும் பிழையை அவர் சுட்டிக்காட்டியதும் பெரிய உதவி. ஆனால் அது நிலப்படம். அரவிந்தருடையது நடக்கவேண்டிய வழி. நிலப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக எண்ணுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

வழி என்றால் என்ன? ஆசனம், பிராணாயாமம், மந்திரம் எதுவும் கட்டாயமில்லை. நாட்டம், விலக்கல், சரணாகதி ஆகிய மூன்றுதான் முயற்சி. மாற்றமும் மூன்று படி: முதலில் சைத்திய புருஷன், அதாவது உள்ளுறை ஆன்மா, முன்னே வருவது, பிறகு மேலிருந்து அமைதியும் ஒளியும் இறங்கும் ஆன்மிக மாற்றம், கடைசியில் அதிமானச மாற்றம். வரிசையைத் தலைகீழாக்கி, இதயத்தில் முதல் படி நிலைக்கும் முன்பே மேலே திறக்க முயன்றால், அரவிந்தர் இடைநிலைப் பகுதி என்று எச்சரித்த இடத்தில் மாட்டிக்கொள்ள நேரும். அங்கே ஒளி உண்டு, குரல் உண்டு, காட்சி உண்டு. பாதி உண்மை முழு உண்மையின் உடையில் வந்து நிற்கும். அகந்தை அதைத் தன் பெருமைக்கு எடுத்துக்கொள்ளும். ‘எனக்கு மட்டும் இறங்கியது’ என்ற எண்ணம் வந்தால் அதுவே அடையாளம்.

மேற்கத்திய மூலங்களோடு அவர் எப்படி உரையாடினார் என்று ஒரே ஒரு சான்று வேண்டுமானால், பேருந்தில் படிக்க ஹெராக்ளிடஸ் பற்றிய கட்டுரை போதும். ஆர்யாவில் வந்தது, சிறியது. கிரேக்க ஞானியின் நெருப்பை வேத அக்னிக்குப் பக்கத்தில் வைக்கிறார், மாறுதலின் தத்துவத்தை மனமாரப் பாராட்டுகிறார். கடைசியில் ஒரு குறையைச் சொல்கிறார்: சக்தியையும் அறிவையும் கண்ட ஹெராக்ளிடஸ் ஆனந்தத்தைக் காணவில்லை. இறங்கும் முக்கோணத்தின் மூன்றாவது முனை அது. முதல் நாள் சமாதி முற்றத்தில் பார்த்த சின்னத்தை ஒரு தாளில் வரைந்து அந்த முனையில் விரலை வைத்துக்கொண்டு படியுங்கள்.